சோளப்பனி வேண்டாம், குறுணல்பனி என்போம்

வணக்கம்.

மலைகளில் வசந்தகாலத்தில் மணிமணியாகத் திரளும் பனியை ஆங்கிலத்தில் corn snow என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக நேற்று முன்வைக்கப்பட்ட "சோளப்பனி"யை என்னால் ஏற்க முடியவில்லை. corn என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலப்பொருள் தானியமணி. சோளம் பிறகு வந்தது. சோளம் என்று எழுதினால் வாசிப்பவர் பனியில் மஞ்சளைத் தேடுவார்.

சுவிஸில் இருக்கும் என் மருமகள் சித்திரையில் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கு ஒன்றுக்குச் சறுக்குப் பலகையோடு போய்வந்து கதைத்தாள். பலகையின் அடியில் மயிர்ப்பட்டை ஒட்டுவார்களாம். முன்னே வழுக்கும், பின்னே போகவிடாது. குதிக்காலைத் தூக்கித் தூக்கி ஏற வேண்டும், அதுவும் விடியமுதல் வெளிக்கிட்டு. பகலில் உருகி இரவில் உறைந்து, நாள்கணக்கில் இப்படியே நடக்க, பனித்துகள்கள் உருண்டு மில்லிமீற்றர் அளவுக்குப் பருத்துவிடும். காலையில் கல்லுப்போலக் கிடக்கும். வெயில் பட்டு மேலே 2, 3 சென்ரிமீற்றர் இளகுகிற சிறுபொழுதுதான் சறுக்கி இறங்க வாய்ப்பானது. பிந்தினால் உள்ளே நீர் இறங்கிச் சரிவே பெயர்ந்து வரக்கூடும்.

"கையில அள்ளினா எப்பிடியடி இருக்கும்?" என்று கேட்டேன்.

"சுளகில கொழிச்ச குறுணல் மாதிரி மாமி, விரலுக்குள்ளால ஓடும்."

கிளிநொச்சியில் வளர்ந்த பிள்ளை. காலபோகம் வெட்டி நெல்லுக் குத்திவந்த நாட்களில் என்னோடு சுளகுக்குப் பக்கத்தில் இருந்தவள். அவள் வாயில் தானாக வந்த சொல்லைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

ஒரு மறுப்பு வரும்: குறுணல் உடைந்த அரிசி, இந்தப் பனிமணியோ திரண்டு வளர்ந்தது. உண்மைதான். ஆனால் பெயர் வைப்பது பிறப்புக்கு அல்ல, கைக்கும் கண்ணுக்கும் படுகிற தன்மைக்கு. "மணிப்பனி"யையும் யோசித்தேன், அதை வானத்திலிருந்தே உருண்டையாக விழும் பனிக்கு வைத்திருக்கலாம். புணர்ச்சிப்படி "குறுணற்பனி" என்பார்கள் இலக்கணம் தெரிந்தவர்கள். அவர்கள் மன்னிக்க வேண்டும், குறுணல் என்ற சொல் உடையாமல் தெரிந்தால்தான் எங்கள் பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

இதை ஏற்றால் மற்ற இரண்டும் கூடவே வரும். மத்தியானம் இளகிச் சொதசொதத்தது கூழ்ப்பனி. விடியற்காலை இறுகிய மேற்படைக்குப் பொருக்கு. குளம் வற்றிச் சேறு காய்ந்தபின் பொருக்கில் கால் வைத்தவர்களுக்கு, மேலே இறுகி அடியில் இளகியிருப்பது என்னவென்று விளக்கத் தேவையில்லை.

"பொருக்குப்பனி" என்று நீட்ட வேண்டுமா, "பொருக்கு" மட்டும் போதுமா? அதை மட்டும் சொல்லுங்கள்.