பாராங் பிடி வெடித்துவிட்டது, புதுப் பிடியை எப்படி இறக்குவது?

பாலிக் புலாவ் தோட்டக்காரன்:
வணக்கம். டுரியான் தோட்டத்தில் புதர் வெட்டும் பாராங் கத்தியின் பிடி போய்விட்டது. பட்டறையில் மாற்றித் தந்த பிடியும் சீக்கிரமே வாய்ப்பக்கம் வெடித்து ஆடுகிறது. நல்ல இரும்பு, வீச மனமில்லை. பிடிக்குள் போகும் வால் நான்கு அங்குலம், நுனி கூர். கையில் காய்ந்த கொய்யாக் கட்டை இருக்கிறது. வாலைப் பழுக்கக் காய்ச்சி இறக்கச் சொல்கிறார்கள். கத்தி கெட்டுவிடாதா?

புக்கிட் மெர்தாஜாம் அண்ணன்:
தம்பி, ஆடுகிற பிடியோடு ஒரு வெட்டுகூட வெட்டாதீர்கள். கத்தி கழன்று பறந்தால் ஆள் மேல்தான் விழும்.

கொய்யா அருமையான கட்டை. ரேகை நேராக ஓடும் பக்கமாகப் பாருங்கள். துளைக்கு வாலின் அகலத்தைப் பார்க்கக் கூடாது, கனத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கனத்துக்கு ஆழமாக ஒரு துளை, வாய்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் பெரிதாக. மிச்ச இடத்தை வாலே எரித்துக்கொள்ளும்.

அலகை ஈரச் சாக்கில் சுற்றி, வாலின் நுனிப்பக்கம் மட்டும் காய்ச்சுங்கள். இரும்பு 220 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறத்துக்கு வரும், 300-ல் நீலம். அந்த வைக்கோல் நிறம் அலகை நோக்கி நகர்ந்தாலே தண்ணீரில் விடுங்கள். நீலம் வெட்டுவாய் வரை போனால் கூர் நிற்காது. சூடான வாலைத் துளைக்குள் நேராக அழுத்தி உடனே உருவுங்கள், கரியைச் சுரண்டுங்கள், திரும்பக் காய்ச்சுங்கள். கரி இருந்தால் பசை பிடிக்காது. ஆறிய பிறகுதான் எப்பாக்சிப் பசை.

பாலிக் புலாவ் தோட்டக்காரன்:
நன்றி அண்ணே. பிடியின் வாயில் உலோகப் பூண் கட்டாயமா?

பட்டர்வொர்த் தச்சர்:
கட்டாயம். முன்பு வெடித்ததும் அந்த இடம்தானே? 28 மில்லிமீட்டர் செப்புக் குழாயில் ஒரு துண்டு போதும். பூணை முதலில் இறுக்கமாக ஏற்றிவிட்டு, அப்புறம் துளை போடுங்கள்.

பிடியை உருண்டையாகச் சீவாதீர்கள், கைக்குள் சுழலும். முட்டை வடிவம் வையுங்கள், கூர் எந்தப் பக்கம் என்று பார்க்காமலே கைக்குத் தெரியும். அடிப்பக்கம் கீழ்நோக்கி வளைந்திருந்தால் வியர்த்த கையிலும் நழுவாது.

வார்னிஷ் வேண்டாம், வழுக்கும். தேங்காய் எண்ணெய் காயாது. ஆளி விதை எண்ணெய் தேயுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

பாலிக் புலாவ் தோட்டக்காரன்:
இறக்கிப் பார்த்தேன், நேராக நிற்கிறது. வாயில் ஒரு பக்கம் மட்டும் நூல் அளவு இடைவெளி.

புக்கிட் மெர்தாஜாம் அண்ணன்:
அதே கொய்யாத் தூளை எப்பாக்சியில் குழைத்து அடையுங்கள். அலகு மேலே இருக்கும்படி நிறுத்தி, 24 மணி நேரம் தொடாதீர்கள்.