புதுப்பிப்பு: அப்பாவின் நுரையீரல் ஆபரேஷன், 4 மாதம் கழித்து

வலது நுரையீரலின் மேல் மடலை எடுக்க வேண்டும், நெஞ்சைத் திறந்து செய்வதா, சின்னத் துளை போட்டு கேமரா விட்டுச் செய்யும் வாட்ஸ் முறையா, எதில் மூச்சு சீக்கிரம் திரும்பும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

மதுரையிலேயே வாட்ஸில் முடிந்தது, ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஸ்பைரோமெட்ரியில் (குழாயில் ஊதி மூச்சை அளக்கும் சோதனை) முதல் நொடியில் ஊதும் காற்று ஆபரேஷனுக்கு முன்பு 2.1 லிட்டர், ஒரு மாதத்தில் 1.5, இப்போது 1.8. இரண்டு நுரையீரலுக்கும் சேர்த்து உள்ள 19 கூறுகளில் எடுத்த மேல் மடலில் இருப்பவை 3, மீதி 16, அதனால் 2.1-இல் 19-க்கு 16 பங்கு, சுமார் 1.8தான் கடைசியில் நிற்கும் என்று டாக்டர் முன்பே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். எந்த முறையில் எடுத்தாலும் போன மடல் போனதுதான், வாட்ஸில் முக்கிய லாபம் ஆரம்ப வாரங்களில் வலி குறைவு, அதனால் ஆழமாக மூச்சிழுக்கவும் இருமவும் முடிகிறது என்றார்.

எங்களுக்குக் கைகொடுத்தது இங்கே பதில் போட்ட திருமங்கலம் அக்கா சொன்னதுதான்: டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வலி மாத்திரை போட்டு அரைமணி நேரம் கழித்து மூன்று பந்து கருவியில் (மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே எழுப்புவது) பயிற்சி, இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைப்பது. அதற்கு முன்பு வலிக்குப் பயந்து அப்பா கருவியைத் தொடவே மாட்டார்.

எதிர்பாராதது ஒன்று, துளை போட்ட பக்கம் மார்புக்குக் கீழே இன்னும் மரத்துப்போய் எரிகிறது. விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்பு அழுந்தியதாம், சின்னத் துளையிலும் இது வரும், முன்பே தெரிந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டோம்.

நேற்று வண்டியூர் தெப்பக்குளத்தை நிற்காமல் ஒரு சுற்று நடந்தார்.