நாளைக் காலை ஏழு மணிக்கு ஆஸ்கர்

குழு: ஈசூன் பாட்டி வீடு
ஞாயிறு, 15 மார்ச் 2026

மணி சித்தப்பா, இரவு 8:04
நாளைக் காலை 7 மணிக்கு ஆஸ்கர். அமெரிக்காவில் ஞாயிறு மாலை, சிங்கப்பூரில் நமக்குத் திங்கள் காலை. பள்ளி விடுமுறை, பிள்ளைகளும் வீட்டில்தான். நான் லீவு போட்டுவிட்டேன். யார் யார் வருகிறீர்கள்?

மாலா அத்தை, 8:06
வா தம்பி. அம்மா ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார்கள். தோசை மாவு இருக்கிறது.

அருண், 8:09
சித்தப்பா, தப்பாக நினைக்காதீர்கள். அவர்கள் ஊர்ப் படத்துக்கு அவர்களே கொடுத்துக்கொள்ளும் விருது. நம் தமிழ்ப் படம் எதுவும் வாங்கப் போவதில்லை. அதற்கு ஏன் இவ்வளவு ஆசையாகக் காத்திருக்கிறீர்கள்?

கவிதா, 8:10
அருண், தமிழில் பேசிய படம் ஆஸ்கர் வாங்கியிருக்கிறது. 2023இல் சிறந்த குறும் ஆவணப்படம் எது? 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்'. முதுமலை தெப்பக்காட்டில் யானைக்குட்டிகளை வளர்க்கும் பொம்மன், பெள்ளியின் கதை. பாட்டியோடு உட்கார்ந்து பார்த்தேன். ரகு என்ற குட்டியை வேறு பாகனிடம் ஒப்படைத்த பிறகு பாட்டி தட்டில் இருந்த சோற்றைத் தொடவே இல்லை.

மாலா அத்தை, 8:12
ஆமாம். மறுநாளும் 'அந்தக் குட்டி சாப்பிட்டதா' என்று கேட்டார்கள்.

மணி சித்தப்பா, 8:17
இதுதான் அருண் என் பதில். விருது யாருக்குப் போகிறது என்பது எனக்கு அப்புறம்தான். அந்தப் பெயர்ப் பட்டியல் வரவில்லையென்றால் நம் வீட்டில் யாராவது 40 நிமிட ஆவணப்படம் போட்டுப் பார்த்திருப்போமா? நானே பார்த்திருக்க மாட்டேன்.

அருண், 8:19
சரி, அது நல்ல படம்தான். ஆனால் சிறந்த படம் என்று எதையோ கொடுக்கிறார்களே, எனக்குப் பிடித்தது ஒரு தடவைகூட வந்ததில்லை.

மணி சித்தப்பா, 8:24
அது வாக்கு எண்ணும் முறையால் வருவது. சிறந்த படத்துக்கு மட்டும் ஆஸ்கர் அகாடமி உறுப்பினர்கள் போட்டியிடும் பத்துப் படங்களையும் வரிசைப்படுத்தி வாக்களிப்பார்கள். முதலிடம் குறைவாகப் பெற்ற படத்தை நீக்கி, அந்த வாக்குகளை அடுத்த இடத்தில் இருக்கும் படங்களுக்குச் சேர்ப்பார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இப்படியே போகும். அதனால் சிலர் உயிராய் நேசித்து மற்றவர்கள் வெறுக்கும் படம் பெரும்பாலும் தோற்கும். எல்லோருக்கும் ஓரளவு பிடித்தது ஜெயிக்கும். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் இந்த ஆண்டு ஒரு நல்ல விதி வந்திருக்கிறது: ஒரு பிரிவில் போட்டியிடும் எல்லாப் படங்களையும் பார்த்தவர்தான் அந்தப் பிரிவில் இறுதி வாக்குப் போடலாம்.

அருண், 8:25
இவ்வளவு நாள் பார்க்காமலா போட்டார்கள்?!

மணி சித்தப்பா, 8:26
பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான பிரிவுகளில் இல்லை.

பாட்டி (குரல் பதிவு, மாலா அத்தை எழுதியது), 8:31
சிவாஜி படம் ஒண்ணு போச்சே, மூணு வேஷம் போட்டது. அதுக்குக் கொடுத்தாங்களா?

மணி சித்தப்பா, 8:34
இல்லை அம்மா. தெய்வமகன், 1969. தமிழிலிருந்து முதலில் போனது அதுதான். வெளிநாட்டுப் படப் பிரிவுக்கு ஒரு நாடு ஆண்டுக்கு ஒரே ஒரு படம்தான் அனுப்பலாம். இந்தியாவில் எத்தனை மொழி! அத்தனையையும் தாண்டிப் போக வேண்டும்.

மணி சித்தப்பா, 8:46
அருண், உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ அப்போது கைக்குழந்தை. 2008இல் சிங்கப்பூர் தன் பெயரில் ஆஸ்கருக்கு அனுப்பிய படம் ஒரு தமிழ்ப் படம். எரிக் கூ எடுத்த 'மை மேஜிக்'. கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருதுக்குப் போட்டியிட்ட முதல் சிங்கப்பூர்ப் படமும் அதுதான். குடித்தே அழிந்துபோன மாயாஜாலக்காரர் ஒருவர், அவருடைய பத்து வயது மகன். மகனுக்காக அவர் மறுபடி வித்தை காட்டப் போகிறார். கண்ணாடியைக் கடித்துத் தின்கிறார், நெருப்பை விழுங்குகிறார். நடித்த பாஸ்கோ பிரான்சிஸ் நிஜத்திலேயே மாயாஜாலக்காரர்.

நான் பார்த்த காட்சியில் என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். எனக்கு அடுத்த இருக்கையில் ஒரு சீனப் பாட்டி, கீழே ஓடும் ஆங்கில வரிகளைப் படித்துக்கொண்டு. பாதிப் படத்தில் அவர் பையைத் திறந்து டிஷ்யூ பாக்கெட் எடுத்தார். ஒன்றை உருவிக் கண்ணைத் துடைத்தார். திரையை விட்டுப் பார்வையைத் திருப்பாமலே பாக்கெட்டை என் பக்கம் நீட்டினார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

கவிதா, 8:48
இதை நீங்கள் சொன்னதே இல்லை சித்தப்பா.

அருண், 8:49
சிங்கப்பூர் தமிழ்ப் படத்தையா அனுப்பியது? எனக்குத் தெரியவே தெரியாது.

மணி சித்தப்பா, 8:52
இறுதி ஐந்தில் அது வரவில்லை. ஆனால் அது எந்த ஆண்டு ஆஸ்கர் தெரியுமா? 81ஆவது. ரகுமான் இரண்டு விருது வாங்கிய அதே ஆஸ்கர்.

மாலா அத்தை, 8:55
2009 பிப்ரவரி, திங்கட்கிழமை காலை! நான் வேலையில் இருந்தேன். பேன்ட்ரியில் தொலைக்காட்சி ஓடியது. 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று தமிழில் சொன்னார் பாருங்கள், என் கையில் இருந்த கோப்பி தளும்பிவிட்டது. என் மலாய்த் தோழி என்ன சொன்னார் என்று கேட்டாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். 'நாங்களும் அதைத்தானே சொல்வோம்' என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மணி சித்தப்பா, 9:01
அக்கா, அதைப் படித்ததும் எனக்கும் சிலிர்த்துவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். 2021இல் இந்தியா அனுப்பியது கூழாங்கல், வினோத்ராஜ் எடுத்தது. ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது வாங்கிய படம். அதிலும் குடிகார அப்பா, சின்ன மகன். கொளுத்தும் வெயிலில் இருவரும் நடக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. அந்தப் பையன் அதற்கு முன் நடித்ததே இல்லை. இந்த ஆண்டு முதல்முறையாக நடிகர் தேர்வுக்கென்று ஆஸ்கரில் தனி விருது கொடுக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு அந்தப் பையன் முகமும் பாஸ்கோ பிரான்சிஸ் முகமும்தான் நினைவுக்கு வந்தன. சரியான ஆளைக் கண்டுபிடிப்பதே பாதிப் படம்.

அருண், 9:04
இரண்டையும் பார்க்க வேண்டும். நீளமா?

மணி சித்தப்பா, 9:05
இரண்டுமே ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நாளை விழா முடிந்ததும் கூழாங்கல் போடலாம். 'மை மேஜிக்' குறுந்தட்டு என்னிடம் இருக்கிறது, பிளேயரும் எடுத்து வருகிறேன்.

அருண், 9:06
அப்படியென்றால் நான் இன்று இரவே அத்தை வீட்டுக்கு வந்துவிடுகிறேன். சித்தப்பா, அந்தச் சீனப் பாட்டியிடம் பேசினீர்களா?

மணி சித்தப்பா, 9:09
இல்லை. விளக்குப் போட்டதும் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன்.

பாட்டி (குரல் பதிவு, மாலா அத்தை எழுதியது), 9:13
மணி, வெத்தலை தீந்துபோச்சு. தேக்கா பக்கம் இருந்தா வாங்கிட்டு வா. அந்த மாயாஜாலக்காரர் படத்தை முதல்ல போடு.