வழக்கு எண்ணிக்கையை வைத்து போலீஸ் பட்ஜெட்டை எடை போடலாமா?

வைகைக்கரை:
2022-23 பட்ஜெட்டில் தமிழகக் காவல்துறைக்கு 10,285 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நம் வரிப்பணம். பதிலுக்கு என்ன கிடைத்தது? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணையில் தமிழ்நாட்டுக்கான வரிசையை மட்டும் பாருங்கள். ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) வழக்குகள் 2019-ல் 1,68,116. 2020-ல் 8,91,700. 2021-ல் 3,22,852. 2022-ல் 1,93,913-க்கு இறங்கியும் பழைய அளவுக்கு வரவில்லை. வழக்கு குறையாவிட்டால் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் கை வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

கணக்கன்:
சார், 2020 எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஊரடங்கு ஆண்டு. நாடு முழுக்க அரசு உத்தரவை மீறியதற்கான 188-வது பிரிவு வழக்குகள் 29,469-லிருந்து 6,12,179 ஆனது. 'இதர ஐபிசி குற்றங்கள்' என்ற தலைப்பு 2,52,268-லிருந்து 10,62,399-க்குப் போனது. தமிழ்நாட்டில் வண்டியை மறித்து மறித்து வழக்குப் போட்டார்கள். 2021 பிப்ரவரியில் அரசே சுமார் 10 லட்சம் ஊரடங்கு வழக்குகளைக் கைவிடுவதாக அறிவித்தது. அதே 2020-ல் கொலை 1,745-லிருந்து 1,661 ஆகக் குறைந்திருக்கிறது. பிணத்தை மறைப்பது கஷ்டம், அதனால் கொலைக் கணக்கை ஓரளவு நம்பலாம். மற்றதெல்லாம் ஸ்டேஷனில் எத்தனை பதிந்தார்கள் என்ற கணக்குதான்.

வைகைக்கரை:
சரி, 2020-ஐத் தள்ளிவிடுவோம். ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எந்த எண்ணையுமே நம்ப முடியாது, யாரையும் கேள்வி கேட்க முடியாது என்றாகிறது. பத்தாயிரம் கோடி வாங்கும் ஒரு துறையை அப்படி விட்டுவிட முடியுமா?

கணக்கன்:
கேள்வி கேட்கத்தான் வேண்டும். எதை வைத்துக் கேட்பது என்பதுதான் தகராறு. போன வருஷம் என் மைத்துனர் பஸ்ஸில் செல்போனைப் பறிகொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார். "திருடு போச்சுன்னு எழுதாதீங்க, தவறிடுச்சுன்னு எழுதுங்க, உடனே ரசீது தர்றேன்" என்றார் ரைட்டர். எழுதிக் கொடுத்தார், புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கிடைத்தது, வழக்காகப் பதியும் எஃப்ஐஆர் இல்லை. அந்தத் திருட்டு எந்த அட்டவணையிலும் வராது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆகவேண்டும் என்று 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த நிலையில் "எண்ணிக்கை ஏறினால் பணத்தை வெட்டுவோம்" என்று நீங்கள் சொன்னால், வருகிற புகாரையெல்லாம் ஒழுங்காகப் பதியும் இன்ஸ்பெக்டருக்குத்தான் தண்டனை. தட்டிக்கழிப்பவர் நல்ல பெயர் வாங்குவார்.

கோர்ட் வாசல்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேருமே ஸ்டேஷனைத் தாண்டி வரவில்லை. வழக்குப் பதிந்த பிறகு என்ன ஆகிறது? தடய அறிவியல் அறிக்கைக்காக மாதக்கணக்கில் வழக்கு நிற்பதை நான் தினமும் பார்க்கிறேன். கடுமையான வழக்கில்கூட 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஆள் ஜாமீனில் வெளியே வந்துவிடுவான். ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழை உள்ளேயே கிடப்பான். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அவர்களுக்கான சாப்பாடும் காவலும்கூடப் பொதுப்பணம்தான். ரோந்து வண்டி வாங்கினால் கொடியசைக்க அமைச்சர் வருவார். ஆய்வகத்துக்கு ஆள் எடுத்தால் போட்டோகூட வராது, ஆனால் வழக்கு நகர்வது அங்கேதான்.

வைகைக்கரை:
கோர்ட் வாசல் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். குற்றப்பத்திரிகைக்கு எத்தனை நாள், தீர்ப்புக்கு எத்தனை நாள் என்று மாவட்ட வாரியாக வெளியிட்டாலே பாதிச் சண்டை தீரும். ஆனால் பதியப்படாத குற்றத்தை எப்படி எண்ணுவது? கணக்கன் அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

கணக்கன்:
வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான் வழி. "போன ஓராண்டில் உங்கள் வீட்டில் திருட்டு நடந்ததா, புகார் கொடுத்தீர்களா, எஃப்ஐஆர் கிடைத்ததா?" இங்கிலாந்தில் 1980-களிலிருந்தே இப்படிக் கணக்கெடுக்கிறார்கள். 2017-ல் ஐடிஎஃப்சி இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு அமைப்பு டெல்லி, மும்பை, பெங்களூருவோடு சென்னையிலும் செய்தது. திருட்டு கொடுத்தவர்களில் எஃப்ஐஆர் வரை போனவர்கள் சொற்பம் என்று அதில் தெரிந்தது. இதை மாநிலம் முழுக்க ஆண்டுதோறும் எடுத்தால், வீடுகள் சொல்லும் எண்ணுக்கும் ஸ்டேஷன் எண்ணுக்கும் உள்ள இடைவெளி எங்கே சுருங்குகிறது, எங்கே விரிகிறது என்று தெரியும். பணம் கேட்கும்போது அந்த இடைவெளியைக் காட்டச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
செய்யட்டும், ஆனால் போலீஸ் கையில் கொடுக்கக் கூடாது. பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை எடுக்கட்டும். செலவைக் காவல்துறை மானியத்திலிருந்தே பிடிக்க வேண்டும்.

கணக்கன்:
முதல் இரண்டுக்கும் சம்மதம். மூன்றாவதுக்கு இல்லை. காவல்துறை மானியத்தில் பெரும்பங்கு சம்பளத்துக்கே போய்விடுகிறது. மிச்சத்தில் கை வைத்தால் வெட்டு விழுவது ஸ்டேஷனின் டீசலிலும் பேப்பரிலும்தான். அப்புறம் "பேப்பர் நீங்களே வாங்கிட்டு வாங்க" என்று புகார் கொடுக்க வந்தவரிடமே சொல்வார்கள். தனித் தலைப்பில் ஒதுக்கட்டும்.