புதுப்பிப்பு: வலிப்பு வந்த என் தம்பி இப்போது எப்படி இருக்கிறான்?

பாம்பனில் விசைப்படகில் வைத்து வலிப்பு வந்த பிறகு தம்பியை யாரும் கடலுக்குச் சேர்க்கவில்லை, வீட்டோடு முடங்கிவிட்டான் என்று முன்பு எழுதியிருந்தேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி.

மூன்று மாதமாக வலிப்பு இல்லை. இரவெல்லாம் கண்விழித்ததும் மாத்திரையை விட்டதும்தான் வினை என்றார் டாக்டர். சரியான சிகிச்சை கிடைத்தால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. கடலுக்குப் போக மட்டும் டாக்டர் இன்னும் சம்மதிக்கவில்லை. அது சரிதான்.

ஆனால் மாத்திரையால் தீராததும் இருக்கிறது. தெருவில் யாராவது உற்றுப் பார்த்தால் இன்னமும் தலையைக் குனிந்துகொள்கிறான். எனக்கு அதுதான் பெரிய வலி.

அப்புறம், அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டேன்: கையில் சாவியைத் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 5 நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போது கரையில் கிழிந்த வலைகளைச் சரிசெய்கிறான். நேற்று சாயங்காலம், "அக்கா, இந்தா கூலி" என்று மூன்று நூறு ரூபாய் நோட்டுகளை என் கையில் வைத்தான். மூன்றிலும் மீன்வாடை.