புதுப்பிப்பு: மூலைவிட்டம் சேர்த்ததும் சென்ட் கணக்கு சரியாகிவிட்டது

நான்கு பக்க அளவைக் கொடுத்தால் நிலத்தின் சென்ட் காட்டும் என் இணையப் பக்கம் தப்பாகக் கணக்கிடுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்கியதுதான் தப்பு. மூலைவிட்டம் இல்லாமல் நாற்கரத்தின் பரப்பு உறுதியாகாது. இப்போது அதையும் கேட்டு வாங்கி, இரண்டு முக்கோணமாகப் பிரித்து, மூன்று பக்க அளவை மட்டும் வைத்து முக்கோணத்தின் பரப்பைத் தரும் ஹெரான் சூத்திரம் போடுகிறேன். எடுத்துக்காட்டாக, பக்கங்கள் வரிசையாக 30, 40, 28, 34 மீட்டர்; 30, 40 இரண்டையும் மூடும் மூலைவிட்டம் 50. பழைய முறையில் 26.51 சென்ட், இப்போது 26.07. வித்தியாசம் சுமார் 194 சதுர அடி, ஒரு பெரிய அறையே போய்விடும்!

அப்புறம், இந்தச் சூத்திரத்துக்கு வேண்டிய அரைச்சுற்றளவு (மூன்று பக்கங்களின் கூட்டலில் பாதி) முதல் முக்கோணத்துக்கு 152025 என்று வந்து திகைக்க வைத்தது. பெட்டியில் அடித்த எண்களை, பக்கத்தை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் எழுத்தாக எடுத்து, 304050 என்று ஒட்டிவிட்டுப் பாதியாக்கியிருந்தது. எண்ணாக மாற்றியதும் 60.

அடுத்து, பட்டாவில் இருப்பதுபோல் ஹெக்டேர், ஏர் கணக்கிலும் காட்ட வேண்டும்.