2,000 ரூபா வயர் இயர்ஃபோன் 25,000 ரூபா ஹெட்ஃபோனோட போட்டி போடுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

தறிச்சத்தம்_திருப்பூர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருப்பூர்ல இருந்து கோயம்புத்தூருக்கு தினம் பஸ்ல வேலைக்கு போய்ட்டு வர்றேன், அந்த நேரம் பூரா பாட்டுதான். பாதி எண்பதுகள் சினிமா பாட்டு, பாதி கர்நாடக கச்சேரி. பழைய இயர்ஃபோன்ல ஒரு பக்கம் போயிடுச்சு, புது போன்ல ஜாக்கே இல்ல, அதனால எப்படியும் ஒண்ணு வாங்கியே ஆகணும்.

ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவர்கிட்ட சோனி எக்ஸ்எம்5னு வெளிச்சத்தத்த அடக்குற வயர்லெஸ் ஹெட்ஃபோன் இருக்கு, மாட்டி கேட்டேன், ஏசி சத்தம் கூட இல்லாம அப்படியே அமைதியாயிடுச்சு. ஆனா விலை 25,000க்கு மேல, என் சம்பளத்துக்கு அது பெரிய தொகை. இன்னொரு பக்கம் யூடியூப்ல 2,000 ரூபா சைனா ஐஇஎம் (காதுக்குள்ள அடைச்சு உக்கார்ற வயர் இயர்ஃபோன்) பெரிய பிராண்டையெல்லாம் தூக்கி சாப்பிடும்னு சொல்றாங்க. எங்க அண்ணன் விலைக்கு ஏத்த சரக்குதான்டா வரும், 2,000 ரூபாய்க்கு எங்கடா அந்த சத்தம் வரும்னு கேக்குறார். நெஜமாவே போட்டி போடுமா இல்ல சும்மா விளம்பரமா? ரெண்டையும் வச்சு கேட்டவங்க சொன்னா உதவியா இருக்கும்.

அலைவரிசை:

சத்தத்தோட தரம் ஒண்ண மட்டும் பாத்தா போடும் ப்ரோ, சந்தேகமே வேண்டாம். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

ஹெட்ஃபோன் நல்லா இருக்கு நல்லா இல்லன்னு நம்ம காது முடிவு பண்றதுல பெரிய பங்கு அதோட ட்யூனிங்தான், அதாவது பேஸ், குரல் வர்ற நடுப்பகுதி, ட்ரெபிள் மூணும் எந்த அளவுல கலந்து வருதுங்கறது. உள்ள இருக்குற ட்ரைவர் ஒரு காந்தம், ஒரு காயில், ஒரு மெல்லிசான டயஃப்ரம், அவ்வளவுதான், 10 எம்எம் ட்ரைவருக்கு பொருள் செலவு பெருசா ஒண்ணும் ஆகாது. கஷ்டம் என்னன்னா எந்த அளவுல ட்யூன் பண்ணா நெறைய பேருக்கு பிடிக்கும்னு தெரியணும். முன்னாடி ஒவ்வொரு கம்பெனியும் அவங்கவங்க அனுபவத்த வச்சு ஒரு சத்தம் வச்சிருந்தாங்க. அப்புறம் ஜேபிஎல், ஏகேஜி எல்லாம் வச்சிருக்குற ஹார்மன் கம்பெனில ஷான் ஆலிவ், டாட் வெல்டின்னு ரெண்டு பேர், எந்த பிராண்டுன்னு காட்டாமலே ஆளுங்கள கேக்க வச்சு மார்க் போட சொல்லி, எந்த மாதிரி ட்யூனிங் ஜனங்களுக்கு பிடிக்குதுன்னு கண்டுபிடிச்சு 2012, 2013 வாக்குல இருந்து கட்டுரையாவே வெளியிட ஆரம்பிச்சாங்க. அது வெளிய வந்ததுக்கப்புறம் அளக்குற கருவி கைல இருக்குற எந்த சின்ன கம்பெனியும் அந்த அளவுகள பாத்து ட்யூன் பண்ண முடிஞ்சுது. 2022ல வந்த மூன்ட்ராப் சூ, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஸீரோங்கற ஐஇஎம் ரெண்டும் 20 டாலர் பக்கம்தான், ஆனா குரல் வர்ற விதத்துல பத்து மடங்கு விலை உள்ளதுங்க கூட தைரியமா வச்சு கேக்கலாம்.

இது என் காது சொல்றது மட்டும் இல்ல. 2017ல யெரோன் ப்ரீபார்ட்னு ஒருத்தர் 283 ஹெட்ஃபோனோட அளவுகள எடுத்து விலையோட ஒப்பிட்டு பாத்து, ட்யூனிங்குக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லன்னு அமெரிக்க ஒலியியல் சங்கத்தோட இதழ்ல எழுதினார். சம்பந்தம் இல்லன்னா இன்னொரு அர்த்தமும் இருக்கு, விலை கம்மியா இருக்குறதாலயே அது நல்லதுன்னும் ஆயிடாது. 1,000, 1,500ல கிடைக்கிறதுல முக்காவாசி பேஸ மட்டும் ஏத்தி விட்டு குரல அமுக்கி வச்சிருப்பாங்க. எம்ஆர்பி 5,990னு போட்டு அடிச்சு 1,299க்கு தர்றாங்களேன்னு பாத்து வாங்காதீங்க, அந்த பெரிய நம்பருக்கும் உள்ள இருக்குற பொருளுக்கும் ஒரு உறவும் கிடையாது.

கடைசிசீட்டு:

மேல சொன்னது எல்லாம் சரிதான், ஆனா தம்பி பஸ்ல கேக்கறேன்னு சொல்லிருக்காரே, அத யாருமே கவனிக்கலயே. ரூம்ல உக்காந்து கேக்குறவங்களுக்கு அலைவரிசை சொன்னது நூத்துக்கு நூறு பொருந்தும். டீசல் இன்ஜின் ஓடுற பஸ்ல எவ்வளவு அழகா ட்யூன் பண்ணிருந்தாலும் பாட்டோட பேஸ் பாதிக்கு மேல அந்த உறுமல்லயே கரைஞ்சு போயிடும். அங்க 25,000 ரூபா எதுக்கு குடுக்கறோம்னா அமைதிக்கு.

எக்ஸ்எம்5ல நாய்ஸ் கேன்சலுக்குன்னே 8 மைக், ரெண்டு ப்ராசசர். வெளிய இருக்குற மைக் இன்ஜின் சத்தத்த பிடிக்கும், உள்ள இருக்குற மைக் காதுக்குள்ள எவ்வளவு மீதி வருதுன்னு பாக்கும், அதுக்கு நேர் எதிரான அலைய ட்ரைவர் வழியா விட்டு ரெண்டையும் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்க வைக்கும். இன்ஜின், ஏசி, ஃபேன் மாதிரி ஒரே சீரா வர்ற தாழ்ந்த சத்தத்துக்கு இது அருமையா வேலை செய்யும். திடீர்னு அடிக்கிற ஏர் ஹாரன், பக்கத்து சீட்டுக்காரர் போன் பேச்சு, இதுக்கெல்லாம் அந்த அளவுக்கு செய்யாது, அத பெரும்பாலும் காத மூடுற குஷன்தான் தடுக்கணும்.

2,000 ரூபா டப்பாவுலயும் 50 டெசிபல் ஏஎன்சி, அதாவது நாய்ஸ் கேன்சல்னு போட்டிருப்பாங்க, ஒரே ஒரு அலைவரிசைல அதிகபட்சமா கிடைச்ச நம்பர எடுத்து அட்டைல அடிச்சிருப்பாங்க, மொத்த சத்தமும் அந்த அளவுக்கு குறையும்னு நம்பிடாதீங்க. இந்த ஒரு விஷயத்துல மலிவு விலை இன்னும் பின்னாடிதான் நிக்குது. நடுவுல ஒரு வழி இருக்கு, சோனிலயே டபிள்யூஎச் சிஎச்720என்னு 10,000க்குள்ள கிடைக்கும், 192 கிராம்தான், எக்ஸ்எம்5 அளவுக்கு அமைதி வராது ஆனா பஸ்ஸுக்கு தாராளம்.

தறிச்சத்தம்_திருப்பூர்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணா. இப்ப ரெண்டு கேள்வி. வயர் ஐஇஎம் வாங்கினா ஜாக் இல்லாத போனுக்கு என்ன பண்றது, அந்த சின்ன கன்வர்ட்டர்ல சத்தம் கெட்டு போகாதா? இன்னொண்ணு, அப்பப்ப ஆபீஸ் மீட்டிங் லேப்டாப்ல வரும், மைக் எதுல நல்லா இருக்கும்?

தம்புரா_தேவி:

தம்பி அந்த கேள்விக்கு அவங்க பதில் சொல்வாங்க, நான் கச்சேரி பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா ரிவ்யூ பண்ற யாரும் நம்ம சங்கீதத்த வச்சு சோதிக்கறது இல்ல. நான் பாட்டு சொல்லிக்குடுக்கறவ, பசங்களுக்கு ரெக்கார்டிங் கேக்க வைக்கறதுக்காக விலை கம்மில இருந்து அதிகம் வரைக்கும் நெறைய கேட்டிருக்கேன்.

மொதல்ல தம்புராவ கேளுங்க. பாடுறவங்க குரலுக்கு பின்னாடி அது தனியா, ஒரு இழை மாதிரி ஓடிட்டே இருக்கணும். பேஸ் ஏத்தின இயர்ஃபோன்ல அது ஒரு மொத்தமான ஹம்முனு ஆயிடும், குரலோட கீழ் ஸ்தாயிய போய் மூடிடும். அடுத்தது மிருதங்கம். அதோட வலது பக்கம், வலந்தலைல, நடுவுல கருப்பா சோறு வச்சிருப்பாங்களே, அதனாலதான் மத்த பல தோல் வாத்தியத்துக்கு இல்லாத ஸ்ருதி அதுக்கு வருது, இத சி.வி.ராமனே ஆராய்ச்சி பண்ணி 1920ல நேச்சர் இதழ்ல எழுதினார். அந்த ஸ்ருதியோட மேல் ஸ்வரங்கள் எல்லாம் ஒழுங்கா வந்தாதான் நம், தின் ரெண்டும் வேற வேறயா காதுல விழும். இடது பக்கம், தொப்பில, கும்கி குடுக்கறப்ப சத்தம் வளைஞ்சு மேல போகும் பாருங்க, அந்த வளைவு தெரியணும், வெறும் தொம்முன்னு விழக்கூடாது. மூணாவது வயலின், மேல் ஸ்தாயில கம்பி காத கீறுற மாதிரி இருந்தா ட்ரெபிள்ல எங்கயோ ஒரு கூர் இருக்குன்னு அர்த்தம், ச, ஷ எழுத்து வர்ற எடத்துலயும் அதே மாதிரி குத்தும். நம்ம சாஹித்யத்துல அந்த எழுத்துங்க எத்தன வருது, அரை மணி நேரத்துல காது அலுத்து போயிடும்.

இத வச்சு சொல்றேன், 2,000 ரூபா நல்ல வயர் ஐஇஎம் இந்த மூணுலயும் தேறுது. விலை உசந்த வயர்லெஸ் ஹெட்ஃபோன் சிலது டப்பால இருந்து எடுத்த உடனே போட்டா தேறலை, பேஸ் தடிமனா இருக்கு, எக்ஸ்எம்5உம் அப்படித்தான், ஆப்ல போய் ஈக்வலைசர்ல கீழ்ப்பகுதிய குறைச்சா குரல் வெளிய வருது. ஆனா ஒண்ணு, ரெண்டு காதையும் மூடுற நல்ல பெரிய வயர் ஹெட்ஃபோன்ல கச்சேரி கேட்டா மேடை முன்னாடி விரிஞ்ச மாதிரி இருக்கும், பாடுறவங்க நடுவுல, வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம்னு. காதுக்குள்ள சொருகுற எதுலயும் எனக்கு அந்த அளவுக்கு வந்ததில்ல. வீட்ல கேக்குறவங்க அதுக்காக காசு குடுத்தா நான் தப்பு சொல்ல மாட்டேன்.

சால்டர்_கடை_மதுரை:

ரிப்பேர் பக்கத்துல இருந்து ஒரு வார்த்த. வயர்லெஸ்ல எது வாங்கினாலும் உள்ள இருக்குறது லித்தியம் பேட்டரி, அது வருஷா வருஷம் தேயும். காதுக்குள்ள போடுற பட்ஸ்ல பேட்டரி குட்டியா ஒட்டி மூடி இருக்கும், தெறந்து மாத்துறது பெரும்பாடு. 25,000 குடுத்தாலும் இந்த விதி மாறாது. குஷனும் அப்படித்தான், மேல இருக்குறது ரெக்சின் மாதிரி ஒரு உறை, நம்ம ஊர் வெயில்லயும் வேர்வைலயும் செதில் செதிலா உரியும், ஆனா பெரிய பிராண்டுக்கு மாத்து குஷன் சுலபமா கிடைக்கும், பேர் தெரியாத மலிவு ஹெட்ஃபோனுக்கு கிடைக்காது, மொத்தமா தூக்கி போட வேண்டியதுதான்.

வயர் ஐஇஎம்ல அடிக்கடி போறது கேபிள், அதுவும் பின் கிட்டயும் காதுக்கு பக்கத்துலயும். அதனால கழட்டி மாட்டுற கேபிள் உள்ளதா வாங்குங்க தம்பி. முதல்ல வந்த மூன்ட்ராப் சூல கேபிள் கழட்ட முடியாது, 2023ல வந்த சூ 2ல முடியும். போனா சில நூறு ரூபாய்ல வேற கேபிள். விலை குடுத்ததுக்கு பலன் வேணும்னா சென்ஹைசர் எச்டி600 மாதிரி வயர் ஹெட்ஃபோன் வாங்கணும், 1997ல வந்தது, இன்னைக்கும் விக்குது, குஷன், கேபிள், தலைப்பட்டை எல்லாத்துக்கும் பார்ட்ஸ் கிடைக்குது, அதுல பேட்டரியும் இல்ல. ஆனா பஸ்ல போட முடியாது, திறந்த அமைப்பு, வெளிச்சத்தம் பூரா உள்ள வரும்.

அலைவரிசை:

கடைசிசீட்டு அண்ணன் சொன்னத ஏத்துக்கறேன், ஆனா ஒண்ணு சேக்கணும். ஐஇஎம் ரப்பர் டிப் காதுல சரியா அடைச்சு உக்காந்துட்டா ஹாரன், பேச்சு சத்தம் எல்லாம் நல்லாவே குறையும், உறுமல் மட்டும்தான் ஓரளவு உள்ள வரும். நெறைய பேர் டப்பால இருக்குற நடு சைஸ அப்படியே மாட்டிட்டு பேஸே இல்லன்னு திட்டுறாங்க, டிப் லூசா இருந்தா பேஸ் வெளிய கசிஞ்சு போயிடும். மூணு சைஸையும் போட்டு பாருங்க, இடது காதுக்கு ஒண்ணு வலது காதுக்கு ஒண்ணுன்னு கூட வரலாம்.

அந்த சின்ன கன்வர்ட்டர், அதாவது டாங்கிள் பத்தி கேட்டீங்கல்ல, சத்தம் கெடாது. டைப் சி டாங்கிள்ல உள்ளயே ஒரு குட்டி டாக் சிப் இருக்கும், அதுதான் டிஜிட்டல சத்தமா மாத்துது, ஐஇஎம் ஓட்டுறதுக்கு அது தாராளம். 100 ரூபாய்க்கு விக்குற சிலதுல சிப்பே இருக்காது, வெறும் கம்பி மாத்தி குடுக்கும், நெறைய போன்ல அது வேலையே செய்யாது, அதனால டாக் உள்ளதான்னு பாத்து வாங்குங்க. ஆப்பிள் டாங்கிள் தரமானதுதான், ஆனா பல ஆண்ட்ராய்டு போன்ல வால்யூம் கம்மியா வரும், உங்களுது ஆண்ட்ராய்டுன்னா வேற பாருங்க. மீட்டிங்குக்கும் வயர் நல்லது, மைக் உள்ள கேபிளா கேட்டு வாங்கிக்கோங்க. ப்ளூடூத் ஹெட்ஃபோன்ல லேப்டாப் மைக்க ஆன் பண்ண உடனே பல நேரம் அது போன் கால் மோடுக்கு மாறிடும், கேக்குற சத்தமும் மோனோவாகி தரம் இறங்கிடும், எவ்வளவு விலை குடுத்திருந்தாலும் இந்த தொல்லை வரலாம்.

கடைசிசீட்டு:

ஐஇஎம்ல ஹாரன் குறையும்ங்கறது சரி, நானும் ஒத்துக்கறேன். எனக்கு பயம் எங்கன்னா அந்த மீதி உறுமல்தான். அதுக்கு மேல பாட்டு கேக்கணும்னு வால்யூம ஏத்திட்டே போவோம், நமக்கே தெரியாது. 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம், 90னா 4 மணி நேரம்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தம்பி தினமும் அவ்வளவு நேரம் பஸ்ல கேக்குறவர், இது அவருக்கு சத்த தரத்த விட பெரிய விஷயம். ஐஇஎம் வாங்கி பஸ்ல போட்டு பாருங்க தம்பி, வீட்ல வைக்கிற அளவ விட ரொம்ப ஏத்தாம கேக்க முடிஞ்சா அதோட நிறுத்திக்கோங்க. ஏத்தித்தான் ஆகணும்னா கொஞ்சம் சேத்து வச்சு சிஎச்720என் பக்கம் போங்க, எக்ஸ்எம்5 வேண்டாம்.

தறிச்சத்தம்_திருப்பூர்:

சரி அண்ணா, சரிக்கா. கேபிள் கழட்டுற மாதிரி, மைக் உள்ள ஐஇஎம் 2,000 பக்கத்துலயும், டாக் சிப் உள்ள டாங்கிளும் சேத்து இந்த சம்பளத்துல வாங்கிடறேன். பஸ்ல வால்யூம் எவ்வளவு ஏத்த வேண்டி வருதுன்னு பாத்துட்டு ஏஎன்சி பத்தி முடிவு பண்றேன். தேவி அக்கா, தொப்பி கும்கி தெளிவா கேக்குற மாதிரி நல்ல தனி ஆவர்த்தன (மிருதங்கம் தனியா வாசிக்கிற பகுதி) ரெக்கார்டிங் எதாச்சும் இருந்தா சொல்லுங்க, மொதல்ல அதையே போட்டு கேக்கறேன்.

தம்புரா_தேவி:

நேரடி கச்சேரில எடுத்த பழைய வானொலி பதிவா தேடுங்க தம்பி, எதிரொலி சேக்காம மைக்க கிட்ட வச்சு எடுத்ததா இருந்தா தொப்பி தெளிவா விழும். மிஸ்ர சாபு தாளத்துல தனி இருந்தா அத எடுத்துக்கோங்க, நடை மாறுற எடத்துல ஒவ்வொரு சொல்லும் பிரிஞ்சு கேக்குதான்னு பாருங்க.